விடுகதையில் பிறந்த 'ரீட்'

சென்ற கல்வியாண்டில் ஒரு நாள், ஏழாம் வகுப்பில் ஆங்கில வாசிப்புத் திறனைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக எழுந்து ஒரு பத்தியை வாசிக்க வேண்டும். நான் பதிவேட்டில் 'வாசித்தல்' என்ற கட்டத்தில் நிலையைக் குறிப்பேன். ஒரு மாணவன் எங்கும் தடைபடாமல் வாசித்து முடித்தான். உச்சரிப்பும் தெளிவாக இருந்தது. மகிழ்ச்சியோடு 'மிக நன்று' என்று எழுதினேன். அடுத்து எழுந்த மாணவி மூன்று வரிக்குள் நான்கு இடங்களில் நின்றுவிட்டாள். அவள் பெயர் ஏற்கெனவே மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்தது. வழக்கமான குறியைப் போட்டுவிட்டு உட்காரச் சொன்னேன்.

உட்காரும்போது அவள் கேட்டாள்: "டீச்சர், எங்க வீட்டுக்குக் கரன்ட் ரீடிங் எடுக்க வருவாங்க. அந்த ரீடிங்கும் இந்த ரீடிங்கும் ஒண்ணா?"

வகுப்பு சிரித்தது. "அது வேற, இது வேற. உட்காரு" என்றேன்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் மின் கணக்கு அட்டை கண்ணில் பட்டது. சொன்னது சரிதானா என்று ஐயம் வந்தது. பதினெட்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். 'ரீட்' என்ற சொல்லை வகுப்பில் பல்லாயிரம் முறை சொல்லியிருப்பேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூடத் தேடியதில்லை. அன்று அகராதியைத் திறந்தபோதுதான் அந்த மாணவிக்கு நான் தவறான பதில் சொல்லியிருக்கிறேன் என்பது தெரிந்தது. இரண்டும் ஒன்றேதான். அது மட்டுமல்ல, பதிவேட்டில் நான் போட்ட குறிகளும் பாதிதான் சரி என்று அந்தச் சொல்லின் வரலாறு எனக்குக் காட்டியது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

யோசனை சொல்வதே முதல் பொருள்

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பேசப்பட்ட மொழியைப் பழைய ஆங்கிலம் என்கிறார்கள். அதில் இந்தச் சொல் ஏறக்குறைய 'ரேடன்' என்று ஒலித்தது. அதன் தொடக்கப் பொருளுக்கும் புத்தகத்துக்கும் தொடர்பே இல்லை. யோசனை சொல்லுதல், அறிவுரை கூறுதல், கலந்து ஆலோசித்தல் என்பவையே அதன் பொருள்கள். அவற்றோடு புரியாத ஒன்றை விளக்கிச் சொல்லுதல் என்ற பொருளும் இருந்தது. ஒருவர் கண்ட கனவுக்குப் பலன் சொல்வதும், புதிருக்கு விடை காண்பதும் 'ரேடன்'தான்.

ஆங்கிலத்துக்கு உறவான மொழிகளில் இந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'ராட்டன்' என்றால் அறிவுரை கூறுதல். ஊகித்துச் சொல்லுதல் என்றும் பொருள். டச்சு மொழியின் 'ராடன்' என்ற சொல்லும் அப்படியே. ஜெர்மனியில் நகர்மன்றக் கட்டடத்தை 'ராட்ஹவுஸ்' என்பார்கள். ஆலோசனை நடக்கும் வீடு என்று பொருள். சுவீடன், டென்மார்க் மொழிகளிலும் அறிவுரைக்கான சொல் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

அக்காலத்தில் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். தோலில் எழுதப்பட்ட கோடுகளும் வளைவுகளும் மற்றவர்களுக்குப் புதிராகவே தெரிந்தன. கல்லிலும் மரத்திலும் செதுக்கிய அவர்களின் பழைய எழுத்துகளுக்கு 'ரூன்' என்று பெயர். இரகசியம் என்பதே அச்சொல்லின் பொருள். அந்த இரகசியத்தை ஒருவர் பார்த்து, 'இது இன்னது சொல்கிறது' என்று விளக்குவதும் கனவுக்குப் பொருள் சொல்வதைப் போன்ற வேலைதான். எனவே புதிரை விடுவிப்பதற்கு இருந்த சொல்லையே எழுத்தைப் படிப்பதற்கும் பயன்படுத்தினார்கள். காலப்போக்கில் புதிய பொருள் முன்னுக்கு வர, பழைய பொருள் பின்னுக்குப் போயிற்று.

'ரிடில்' என்ற உடன்பிறப்பு

விடுகதைக்கு ஆங்கிலத்தில் 'ரிடில்' என்கிறோம். இது 'ரீட்' என்பதன் உடன்பிறந்த சொல். 'ரேடன்' என்ற வினையிலிருந்து 'ரேடெல்ஸ்' என்ற பெயர்ச்சொல் பிறந்தது. விடுவிக்க வேண்டியது என்று சொல்லலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொல்லின் இறுதியில் இருந்த 'ஸ்' ஒலியைப் பிற்கால மக்கள் பன்மை விகுதி என்று எண்ணிக்கொண்டார்கள். ஒருமைக்கு 'ஸ்' எதற்கு என்று அதை நீக்கிவிட்டார்கள். மிஞ்சியது 'ரிடில்'. பட்டாணியைக் குறிக்கும் 'பீ' என்ற சொல்லும் இதே போல 'பீஸ்' என்ற ஒருமையிலிருந்து தவறாகக் கழிக்கப்பட்டதுதான். ஆக, பன்மை விகுதியில் தடுமாறுவது நம் மாணவர்கள் மட்டும் அல்ல!

இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரப் பேராலயத்தில் ஒரு பழைய கையெழுத்து நூல் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. 1072-இல் மறைந்த லியோஃப்ரிக் என்ற ஆயர் அதைப் பேராலய நூலகத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கேயே இருக்கிறது. அதில் 90-க்கும் மேற்பட்ட விடுகதைகள் பாட்டு வடிவில் உள்ளன. அவற்றுள் ஒன்று என்னை உலுக்கியது. அதன் கருத்து இது: இருட்டில் வந்த ஒரு திருடன் பெரியவர் ஒருவருடைய சொற்களை விழுங்கிவிட்டான். அத்தனையையும் விழுங்கிய பிறகும் அவனுக்கு அறிவு கொஞ்சமும் கூடவில்லை. அந்தத் திருடன் யார்?

விடை, புத்தகத்தை அரிக்கும் பூச்சி. பொருள் தெரியாமல் எழுத்தை மட்டும் விழுங்குவது படிப்பு ஆகாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடுகதையாக்கிச் சிரித்திருக்கிறார்கள்.

தயாராக இல்லாத அரசரா?

இங்கிலாந்து வரலாற்றில் எதெல்ரெட் என்று ஓர் அரசர் வருகிறார். 978 முதல் 1016 வரை, இடையில் சிறு இடைவெளியுடன் ஆண்டவர். டேனியர்களின் படையெடுப்பைச் சமாளிக்க முடியாமல் திணறியவர். அவருக்கு 'அன்ரெடி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. 'தயாராக இல்லாதவர்' என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தப் பட்டப்பெயரின் பழைய வடிவம் 'உன்ரேட்'. நல்ல யோசனை இல்லாதவர், தவறான ஆலோசனையால் கெட்டவர் என்று பொருள். எதெல்ரெட் என்ற அவருடைய இயற்பெயருக்கோ 'உயர்ந்த ஆலோசனை' என்று பொருள். பெயர் உயர்ந்த ஆலோசனை, ஆள் ஆலோசனை இல்லாதவர் என்று பிற்காலத்தார் செய்த கேலி இது. பழைய பொருள் மறந்துபோனதும், ஒலி ஒத்திருந்த 'ரெடி' என்ற சொல்லோடு மக்கள் அதைச் சேர்த்துவிட்டார்கள். 'ரெடி' வேறு வேரிலிருந்து வந்த சொல். 'ஆல்ஃபிரட்' என்ற பெயரின் ஈற்றில் இருப்பதும் ஆலோசனையைக் குறிக்கும் அதே பழைய சொல்தான்.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. 1921 முதல் 1926 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவரை நாம் 'ரீடிங் பிரபு' என்று எழுதுகிறோம். அந்தப் பெயர் இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். 'ரெடிங்' என்றே ஒலிக்க வேண்டும். அதற்கும் படிப்புக்கும் தொடர்பில்லை. பழங்காலத்தில் அங்கு வாழ்ந்த ஒருவரின் கூட்டத்தார் என்ற பொருளில் அமைந்த ஊர்ப்பெயர் அது.

பொறுக்குவதும் கீறுவதும்

மற்ற மொழியினர் படித்தலை வேறு விதமாகப் பார்த்தார்கள். இலத்தீனில் படித்தலைக் குறிக்கும் 'லெகெரே' என்ற சொல்லுக்குப் பொறுக்குதல், சேர்த்தல் என்பதும் பொருள். ஜெர்மன் மொழியின் 'லேசன்' என்ற சொல்லும் அப்படித்தான். திராட்சை அறுவடைக்கு அவர்கள் வழங்கும் சொல்லில் இன்றும் அது இருக்கிறது. எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தால் படிப்பு என்பது அவர்கள் பார்வை. இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவைதான் ஆங்கிலத்தின் 'லெசன்', 'லெக்சர்', 'செலக்ட்', 'எலக்ஷன்' எல்லாம். வரி சேர்ப்பவர் என்பதால் பெயர் பெற்ற நம் மாவட்ட 'கலெக்டர்' கூட அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

ஜெர்மன், டச்சு, சுவீடன் மொழிகளெல்லாம் படித்தலுக்குப் பொறுக்குதலைக் குறித்த சொல்லையே அன்றாட வழக்காக வைத்துக்கொண்டன. ஆங்கிலம் மட்டும் விடுகதையை விடுவிக்கும் சொல்லை எடுத்துக்கொண்டது.

எழுதுதலைக் குறிக்கும் 'ரைட்' என்ற சொல்லுக்கு முதலில் கீறுதல் என்றே பொருள். அதன் தொடக்கத்தில் இன்று நாம் ஒலிக்காத 'டபிள்யூ' எழுத்து அன்று ஒலித்தது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய மரபில் வந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஆக, ஆங்கிலத்தின்படி எழுதுபவர் கீறுகிறார். படிப்பவர் கீறலின் புதிரை அவிழ்க்கிறார்.

பொருள் விரிந்த விதம்

அச்சு நூல்கள் பரவும் வரை படித்தல் என்பது பெரும்பாலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பதாகவே இருந்தது. அதன் அடையாளங்கள் இன்றும் உள்ளன. நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு என்ற நிலைகளைக் கடக்கிறது. எல்லா உறுப்பினருக்கும் படி கிடைக்காத காலத்தில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எழுத்தர் மசோதாவை உரக்கப் படித்துக் காட்டுவார். அந்தப் பெயரே நம் நாடாளுமன்றம் வரை வந்துவிட்டது. நம் பல்கலைக்கழகங்களில் முன்பு 'ரீடர்' என்ற பதவி இருந்ததையும் பலர் அறிவீர்கள். இப்போது அது இணைப் பேராசிரியர்.

நம் மாணவர்கள் 'ஐ ஆம் ரீடிங் செவன்த் ஸ்டாண்டர்டு' என்கிறார்கள். தமிழில் கதையும் படிக்கிறோம், ஏழாம் வகுப்பும் படிக்கிறோம் அல்லவா? அதனால் வரும் தவறு. 'ஸ்டடியிங்' என்று திருத்த வேண்டியதுதான். ஆனால் இங்கிலாந்தில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயில்வதை 'ரீடிங் லா' என்றே சொல்கிறார்கள். வகுப்போடு சேராது, பாடத்தோடு சேரும். இதைச் சொல்லித் திருத்தினால் மாணவர்கள் கூசுவதில்லை, ஆர்வத்தோடு கேட்கிறார்கள்.

எழுத்துக்குப் போன சொல் பிறகு எழுத்தைத் தாண்டியும் போனது. முகத்தை, மனத்தை, கைரேகையை, வரைபடத்தை 'ரீட்' செய்யலாம். வானொலித் தொடர்பில் 'டூ யூ ரீட் மீ' என்றால் 'நான் சொல்வது விளங்குகிறதா' என்று பொருள். கணினி தகவலை 'ரீட்' செய்கிறது. வெப்பமானி 38 டிகிரி 'ரீட்ஸ்' என்றால் அவ்வளவு காட்டுகிறது என்று பொருள். இங்கே படிக்கும் ஆள் மறைந்து கருவியே எழுவாயாகிவிட்டது.

மின் கணக்கெடுக்க வருபவர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. இன்றைய எண்ணிலிருந்து சென்ற முறை எண்ணைக் கழித்து, எத்தனை யூனிட் செலவானது என்று கண்டுசொல்கிறார். குறியைப் பார்த்துப் பொருளைச் சொல்வது ஆயிரம் ஆண்டுப் பழைய 'ரேடன்' அல்லவா? அந்த மாணவியின் கேள்விக்கு இதுவே பதில்.

பொருள் தெரிந்தால்தான் ஒலி

இந்தச் சொல்லைப் பற்றி மாணவர்கள் எப்போதும் கேட்கும் ஐயம் ஒன்று உண்டு. நிகழ்காலத்தில் 'ரீட்', இறந்தகாலத்தில் 'ரெட்'. எழுத்துகள் மட்டும் ஏன் ஒன்றே?

'லீட் – லெட்', 'ஃபீட் – ஃபெட்', 'மீட் – மெட்' ஆகிய இணைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். எல்லாவற்றிலும் நிகழ்காலத்தில் நெடில், இறந்தகாலத்தில் குறில். 'ரீட் – ரெட்' இணையும் இதே குடும்பம்தான். பழைய இறந்தகால வடிவத்தில் மெய்யொலி இரட்டித்து வந்ததால் அதன் முன் நின்ற உயிர் குறுகிற்று. பின்னர் ஆங்கிலத்தில் நெடில்களின் ஒலி மாறியபோது நிகழ்கால வடிவம் 'ரீட்' ஆயிற்று. குறில் அப்படியே 'ரெட்' என நின்றுவிட்டது. மற்ற சொற்களில் இறந்தகாலத்துக்கு ஓர் உயிரெழுத்தைக் குறைத்து எழுதும் வழக்கம் நிலைத்தது. இதில் மட்டும் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள் நிலைத்துவிட்டன.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஒரு வாக்கியத்தில் இந்தச் சொல் வந்தால், வாக்கியத்தின் பொருள் தெரியாமல் அதை உச்சரிக்கவே முடியாது. 'எஸ்டர்டே' என்ற சொல் இருக்கிறதா, 'ஹி' என்ற எழுவாய்க்குப் பின் 'எஸ்' இல்லாமல் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் 'ரீட்' அல்லது 'ரெட்' என்று வாய் திறக்க முடியும். ஒலித்த பிறகு பொருள் என்று நாம் வைத்திருக்கும் வரிசையை இந்தச் சொல்லே மாற்றிவிடுகிறது.

மீண்டும் அதே வகுப்பில்

மறுநாள் ஏழாம் வகுப்புக்குப் போனதும் முதலில் அந்த மாணவியிடம், "நேத்து நான் சொன்னது தப்பு. ரெண்டு ரீடிங்கும் ஒண்ணுதான்" என்றேன். பிறகு எக்ஸெட்டர் நூலின் விடுகதையைத் தமிழில் சொன்னேன். வகுப்பு யோசித்தது. சட்டென்று, "கரையான், டீச்சர்!" என்றாள் அதே மாணவி. எங்கள் பள்ளி நூலக அலமாரியில் கரையான் அரித்த புத்தகங்களை வெயிலில் காயவைக்க உதவியவள் அவள்.

அடுத்து, முந்தைய நாள் வாசித்த பத்தியையே எடுத்தேன். மழையில் நனைந்த நாய்க்குட்டி ஒன்றை ஒரு சிறுவன் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கிறான். காலையில் அம்மா பால் பாத்திரத்தைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். "அம்மா ஏன் சிரிச்சாங்க?" என்று கேட்டேன். தடையில்லாமல் வாசித்த மாணவன் பத்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பதில் இல்லை. அவளோ, "பால் குறைஞ்சிருக்கும் டீச்சர். அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா திட்டல" என்றாள். பால் குறைந்ததாகப் பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. அதை அவள் விடுவித்திருக்கிறாள்.

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஒருவனுக்கு 'மிக நன்று'. மற்றொருத்தி மெல்லக் கற்போர். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படிக் குறி போட்டிருப்பேன் என்று நினைத்தபோது மனம் கனத்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஊகித்தால் போதும், எழுத்துக்கூட்டத் தெரிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும் பழக்கம் குழந்தைக்குக் கேடுதான். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை நாம் முறையாகக் கற்பித்தே ஆக வேண்டும். அவளுக்கு அந்தப் பயிற்சி தேவைப்பட்டது. அவனுக்குப் பொருள் காணும் பயிற்சி தேவைப்பட்டது. அவள் குறை எனக்குத் தெரிந்தது. அவன் குறை தெரியவில்லை. அவள் நிறையும் தெரியவில்லை. காரணம், நான் காதால் மட்டும் சோதித்திருக்கிறேன்.

பி.எட். படித்தபோது பாடத்திட்டக் குறிப்பில் மாதிரி வாசிப்பு, உரத்த வாசிப்பு, மௌன வாசிப்பு என்று வரிசையாக எழுதியது நினைவிருக்கும். அந்த வரிசையை நான் விட்டுவிடவில்லை. 'ரேடன்' என்ற சொல்லின் மூன்று பழைய பொருள்களை மூன்று கேள்விகளாக்கி அதனோடு சேர்த்துக்கொண்டேன்.

வாசிக்கும் முன், ஊகித்தல்: தலைப்பை மட்டும் சொல்லி, 'இது எதைப் பற்றி இருக்கும்?' என்று கேட்கிறேன்.

வாசிக்கும்போது, விடுவித்தல்: பத்தியில் நேராகச் சொல்லப்படாத ஒன்றைக் கேட்கிறேன். 'அம்மா ஏன் சிரித்தாள்?' என்பது போல. விடையை எந்த வரியிலிருந்து கண்டுபிடித்தாய் என்றும் கேட்கிறேன்.

வாசித்த பின், யோசனை சொல்லுதல்: 'அந்தச் சிறுவனுக்கு நீ என்ன யோசனை சொல்வாய்?' என்று கேட்கிறேன். விடை தமிழில் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். பிறகு அதை ஆங்கிலத்தில் சொல்ல உதவுகிறேன்.

இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. பத்து நிமிடம் போதும். தொடக்க வகுப்புகளில் தமிழ்ப் பாடத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். தமிழைச் சரளமாக வாசித்துவிட்டு என்ன வாசித்தோம் என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

பதிவேட்டில் 'வாசித்தல்' கட்டத்தின் நடுவே ஒரு கோடு கிழித்தேன். ஒரு பக்கம் ஒலி, மறுபக்கம் பொருள். அந்த மாணவனையும் மாணவியையும் ஒரே பெஞ்சில் அமர வைத்தேன். அவன் அவளுக்குச் சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லித் தருவான். அவள் அவனிடம், "சரி, அப்படின்னா என்ன?" என்று கேட்பாள். ஆண்டு முடிவில் அவள் தடையின்றி வாசித்தாள் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. இன்னும் தடுமாறுகிறாள்; முன்பைவிடக் குறைவாக. ஆனால் வாசிக்க எழுந்து நிற்கும்போது இப்போது தலை குனிவதில்லை.

அடுத்த முறை வாசிப்புத் திறனைச் சோதிக்கும்போது, குறி போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் நாம் எழுதும் சொல் பல நேரங்களில் மாறிவிடும்.